ஆறுபட்டைக் கல்லின் மேல்பாதி

அன்று குழிமேட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான், ரப்பர் வெட்டுகிறவன், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவன், ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன். கண்டக்டர் அண்ணன், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குச் சொந்தமில்லை, ஊரில் எல்லோருக்கும் அண்ணன். மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவர். சிஸ்டர், நிலத்துக்குச் சொந்தக்காரர், வெளிநாட்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர், அதனால் ஊருக்கே சிஸ்டர். கடைசியாக ஜேசிபி ஓட்டுகிறவர்; நெய்யாற்றின்கரைக்காரர், பேசுவது மலையாளம், நாம் தமிழ் சொன்னால் புரியும்.

ஐந்து பேர். ஜேசிபியையும் சேர்த்து ஆறு என்றார் மைனி.

அது பழைய காக்காப்பொன் குழி. மைக்கா என்பார்களே, அது. வெட்டியது யார் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரன் காலம் என்பார்கள். தகடு தகடாகக் காக்காப்பொன்னை எடுத்துக்கொண்டு, வேண்டாத கல்லையெல்லாம் கரையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொட்டியது மேடாகி, மேட்டில் காடு பிடித்தது. பிறகு காட்டை வெட்டி ரப்பர் வைத்தார்கள். அந்த ரப்பரைத்தான் நான் வெட்டுகிறேன். குழியில் எப்போதும் வெள்ளம் நிற்கும்; தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

அந்த வருஷத்து மழைக்குப் பிறகு சுகாதாரத்தில் இருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். குழியை எட்டிப் பார்த்தார்கள். கொசுப்புழு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார். சிஸ்டர் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். மேட்டைத் தள்ளிக் குழியை மூடவேண்டும். மேட்டில் இருக்கிற கல் முழுவதும் குழிக்குள் போய்விடும்.

"மூணு மணி வரைக்கும் நோக்கிக்கிடுங்கோ," என்றார் சிஸ்டர். "அது கழிஞ்சா மூடிருவேன். பொறவு என்னைக் குற்றம் சொல்லப்பிடாது."

"சிஸ்டரை ஆரு குற்றம் சொல்லுவா?" என்றார் அண்ணன். "இண்ணைக்குக் கெடச்செங்கி கெடச்சு. இல்லெங்கி இல்லை."

அவருக்குக் கிடைக்கவேண்டியது ஒரு கல்லின் பாதி. கீழ்ப்பாதி அவரிடம் இருந்தது. மேல்பாதி மேட்டில்தான் கிடக்கிறது என்று நம்பினார். எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஆராதனை முடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து தேடினார்.

அது மேட்டில் இல்லை. என் வீட்டில் இருந்தது. எனக்கு அது தெரியும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேட்டில் எங்கே கிளறினாலும் காக்காப்பொன் மின்னும். அதை நாங்கள் எடுப்பதில்லை. வெள்ளைக் கல்லும் உண்டு, சுண்ணாம்புக்கல் போல. அதற்குள் சில நேரம் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இன்னொரு கல் இருக்கும். பென்சில் போல ஆறு பட்டை. முனையும் பென்சிலைச் சீவியதுபோலவே இருக்கும். யாரும் செதுக்கியதில்லை. மண்ணுக்குள் தானாக அப்படி வளர்ந்தது. இங்கிலீஷில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அண்ணன் இரண்டு மூன்று தடவை சொல்லித் தந்தார். எனக்கு வாயில் நிற்கவில்லை. நாங்கள் ஆறுபட்டை என்போம்.

மோதிரத்துக்கு ஆகாது. கத்தி பட்டால் கீறல் விழும். யாரும் வாங்கமாட்டார்கள். பின்னே எதற்கு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. காலையில் பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு, குளித்து, ஒரு கல்லை வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அவ்வளவுதான்.

முதல் கல் ரப்பர்த் தைக் கன்று நடக் குழி எடுத்தபோது மண்வெட்டியில் பட்டது. கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே பாறசாலைக்கு பஸ் ஏறினேன். தனுவச்சபுரத்துக் காலேஜ் பிள்ளைகள் நெருக்கி நின்றார்கள். டிக்கெட்டுக்குக் கையை விரித்தேன். கையில் காசும் இருந்தது, கல்லும் இருந்தது.

"இது எங்கயாக்கும்?" என்றார் கண்டக்டர்.

"பாறசாலை ஒண்ணு."

"டிக்கெட்டைக் கேக்கல்ல மக்கா. இந்தக் கல்லு எங்கயாக்கும்?"

கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெல் அடிக்க மறந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பிலேயே நின்றது. டிரைவர் தலையைத் திருப்பி, "எந்தா, உறங்கியோ?" என்று கத்தினார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மேட்டுக்குப் போனபோது அண்ணன் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். கையில் ஒரு கம்பிப்பாரை.

மைனி வந்தது என்னைத் திட்டுவதற்கு. "பிராயம் ஆனவிய ரெண்டு பேரு பிள்ளைய மாதிரி கல்லு பெறக்கிட்டு நிக்கியளே," என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். நாங்கள் இரண்டு பேரும் மிதித்து நின்ற இடத்திலிருந்து ஒரு ஆறுபட்டையை எடுத்தார். ஊசியில் நூல் கோர்க்கிற கண். அடுத்த வாரம் சல்லடையோடு வந்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் ஆயிற்று. கண்டவருக்குக் கல். யார் கை முதலில் பட்டது என்பது கணக்கில்லை. அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கழுவவேண்டும். அடுத்த ஞாயிறு மேட்டில் எல்லோருக்கும் காட்டவேண்டும். கிடைத்ததை ஒளிக்கக் கூடாது.

கழுவுவதுதான் பாடு. வெள்ளைக் கல் நீலத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். அண்ணன் வெறும் வெள்ளத்தில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்ப்பார். ஒரு கல்லுக்கு ஒரு மாதம்கூட ஆகும். மைனி தையல் ஊசியால் குத்திக் குத்தி எடுப்பார். நான் ஆசிட் ஊற்றினேன்.

ரப்பர் இருக்கிற எல்லா வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் கன்னாஸில் ஆசிட் இருக்கும். வெள்ளம் சேர்த்துக் கொஞ்சமாகப் பாலில் விட்டால் பால் உறையும். அதைத்தான் ஷீட் அடிப்போம். ஒருநாள் அது தரையில் கிடந்த வெள்ளைக் கல்லில் சிந்தியது. சோடா போலப் பொங்கியது. பொங்கி அடங்கியபோது வெள்ளை கரைந்து உள்ளே இருந்த நீலம் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எந்தக் கல்லையும் தேய்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கல் மட்டும் சுத்தமாக இருக்கும்.

"கொழுந்தனாரே, இது என்ன மாயமாக்கும்?" என்பார் மைனி.

"தேச்சுக் கழுவினேன்."

வேறு எதிலும் நான் ஆளில்லை. இதிலாவது ஆளாக இருக்கலாம் என்று நினைத்தேன் போல. சொல்லவில்லை.

ஆசிட் வெள்ளையை மட்டும் தின்னும் என்று எண்ணியிருந்தேன். அது நீலத்தையும் தின்னும். பையத் தின்னும், அரை மணி நேரத்தில் தெரியாது.

ஆறு வருஷம் முன்னால் ஒரு கல் கண்டேன். கட்டைவிரல் கனம். அந்த மேட்டில் அவ்வளவு பெரியதை அதுவரை யாரும் எடுத்ததில்லை. முனை மட்டும் வெளியே தெரிந்தது, மிச்சம் முழுவதும் வெள்ளைக்குள். வார நாள், நான் மட்டும்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மண்பானையில் போட்டு, வெள்ளம் சேர்க்காமல் ஆசிட்டை ஊற்றி மூடினேன். பெரிய கல், சீக்கிரம் தெளியட்டும் என்று. அப்போது போன் வந்தது. பொழியூரில் பெண்டாட்டியின் அப்பா இறந்துபோனார். அப்படியே கிளம்பினோம். அடக்கம், அதன் பிறகு ஜெபம், கடல் ஏறி முற்றத்து மதிலை எடுத்திருந்தது, அதற்குக் கல் அடுக்கினோம். திரும்பி வர நாலு நாள் ஆனது.

பானையைத் திறந்தேன். வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. கல் இருந்தது. வாயில் போட்டுச் சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி இருந்தது. பட்டைகளின் விளிம்பு போயிருந்தது. முனை மழுங்கியிருந்தது. அடியில் உடைந்த இடமும் வழுவழுவென்று ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு அண்ணன், "என்ன உண்டு?" என்று கேட்டார். "ஒண்ணும் கெடைக்கல்ல," என்றேன். கல்லை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பழைய வெட்டுக்கத்திகளுக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகு ஆசிட்டில் வெள்ளம் சேர்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து எடுத்தேன். ஆனால் நிறுத்தவில்லை.

அண்ணனிடம் நூற்றுக்கணக்கில் கல் இருக்கிறது. முட்டை வாங்குகிற அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்திருப்பார். எல்லாம் முறி. காக்காப்பொன் எடுத்தவர்கள் குறுக்கே இருந்ததையெல்லாம் அடித்து உடைத்திருக்கிறார்கள். ஒரு முனை இருந்தால் மறுமுனை இருக்காது. "ரெண்டு முனையும் உள்ளது ஒண்ணு, ஒரே ஒண்ணு, முழுசா பாக்கணும் மக்கா," என்பார். "இத்தனை வருஷம் பஸ்ஸுல போனவன், ஒரு வண்டியிலயாவது கடைசி வரைக்கும் இருந்து எறங்குனது உண்டா? ட்யூட்டி மாறுதுண்ணு நடுவழி டிப்போவுல எறக்கிவிட்டுருவான்." இப்படி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். ஆனால் கல் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பில்லை.

எட்டு மாதம் முன்னால் கீழ்ப்பாதி அவருக்குக் கிடைத்தது. அடிப்பக்கம் முனை, விரலில் வைத்தால் குத்தும். மேலே உடைந்த இடம் படிக்கட்டு மாதிரி ஒரு படி. கல்லின் நடுவே கறுப்பாக ஒரு நூல் ஓடியது. அவர் காட்டினார். அந்த நூலை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். அதே கனம், அதே நூல். சந்தேகமே இல்லை.

அண்ணன் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு சோப்பு டப்பாவில் ஊற்றி, உடைந்த இடத்தை அதில் அமுக்கி அச்சு எடுத்தார். கறுப்பு நூல் வருகிற இடத்தில் ஒரு ஊசிக்குத்து. மேட்டில் எந்தத் துண்டு கிடைத்தாலும் கல்லோடு வைத்து உரசாமல் இந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கல் தேயக்கூடாது என்று. அவ்வளவு கவனம். எட்டு மாதம் அந்த டப்பா அவர் சட்டைப் பையில் இருந்தது.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இரண்டாவது வாரம் இன்னும் கஷ்டமாயிற்று. காட்டினால் அது பொருந்தாது, இனி எந்தக் காலத்திலும் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தேடுகிறவரை அவருக்கு ஒரு நம்பிக்கை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நேர். மறுபாதி, எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். மைனி சலித்தார். நான் மண்ணை வெட்டிக் கொடுத்தேன். அண்ணன் சல்லடையில் தங்கியதை ஒவ்வொன்றாக எடுத்து அச்சோடு வைத்துப் பார்த்தார். ஜேசிபிக்காரர் வண்டி நிழலில் உட்கார்ந்து போன் பார்த்தார். சிஸ்டர் சாயா கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் மைனி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் எடுத்து வைத்தார். அண்ணன் கை கழுவவில்லை.

"தின்னுட்டு நோக்குங்க அண்ணா. கல்லு எழும்பி ஓடாது," என்றார் மைனி.

"ஜேசிபி ஓடும் பிள்ளே."

எனக்கும் இறங்கவில்லை. மைனி என் இலையைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு மேல் அண்ணன் குழிக்குள் இறங்கினார். மேடு சரிந்து வெள்ளத்தைத் தொடுகிற இடம். அங்கே யாரும் இதுவரை கிளறியதில்லை. மழையில் நனைந்து மண் பொதுபொதுவென்று இருந்தது. ஒரு கையால் ரப்பர் வேரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர்.

"அண்ணா, ஏறுங்கோ! அது இடியும்!" என்று சிஸ்டர் கத்தினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சிஸ்டர்."

அவர் காலுக்குக் கீழே ஒரு கட்டி மண் பெயர்ந்து வெள்ளத்தில் விழுந்தது. ஜேசிபிக்காரர் போனை வைத்துவிட்டு எழுந்தார். அண்ணன் வேரில் தொங்கினார். கால் வைக்க இடம் தேடினார். கிடைத்தது. அப்போதும் ஏறவில்லை. மண் பெயர்ந்த இடத்தில் புதிதாக என்ன தெரிகிறது என்று பார்த்தார்.

நான் கரையில் மண்டியிட்டுக் குனிந்தேன்.

"அண்ணா, ஏறி வாங்க. அது அங்க இல்லை."

"நீ கண்டியா?"

"என்கிட்ட உண்டு. வீட்டுல இருக்கு."

சல்லடை சத்தம் நின்றது. அண்ணன் கீழேயிருந்து என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். அவர் மைனி பக்கம் கையை நீட்டினார். மைனியும் ஜேசிபிக்காரரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள்.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எப்பம் கெடச்சு?"

"ஆறு வருஷம் ஆவு."

"ஆறு வருஷம்," என்றார். "எட்டு மாசம் நான் இங்க பன்னி மாதிரி கெளறுனேன். நீயும் கூட நிண்ணு கெளறுன."

"ஆமா."

"கையில வச்சுக்கிட்டு நீ என்னத்துக்குலே கெளறுன?"

"நீங்க ஒத்தைக்குக் கெளறண்டாமேண்ணு."

"நல்ல துணையாக்கும்," என்றார் மைனி.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போயி எடுத்துட்டு வா."

ஸ்கூட்டரில் போய் வர கால் மணி நேரம். டின்னோடு திரும்பினேன். யாரும் இடம் மாறவில்லை. டின்னை அப்படியே அவர் மடியில் வைத்தேன். திறந்தார். கல்லை எடுத்தார். அச்சோடு வைத்துப் பார்த்தார். ஒத்துவரவில்லை. விரலால் பட்டையைத் தடவினார். முனையைத் தடவினார்.

"இது என்னலே, ஆராவது சப்புனதா?"

"ஆசிட்டு."

"ரப்பர் பாலுக்கு விடுற ஆசிட்டா?"

"ஆமா. வெள்ளம் சேக்கல்ல. நாலு நாள் கெடந்து."

"அப்பம் உன் கல்லு எல்லாம் மினுங்குனது?"

"அதுலதான்."

"தேச்சுக் கழுவினேன்ணு சொன்னது," என்றார் மைனி. "எனக்கு எத்தனை ஊசி ஒடிஞ்சு! கையில எத்தனை குத்து! ஆசிட்டுக்காரரு பக்கத்துல நிண்ணு பாத்துட்டு இருந்திருக்காரு." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் கூடுதல் வலித்தது.

ஜேசிபிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "சேட்டா, மூணு மணியாயி."

சிஸ்டர், "கொறச்சு நேரம் கழியட்டு," என்றார்.

"வேண்டாம் சிஸ்டர்," என்றார் அண்ணன். "இனி மேட்டுல எனக்கு ஒண்ணும் இல்லை. மூடிக்கிடட்டும்."

வண்டி கிளம்பியது. முதல் தள்ளலில் நாங்கள் காலையில் சலித்துப் போட்ட மண் முழுவதும் குழிக்குள் போனது. வெள்ளம் பொங்கிக் கரையில் ஏறியது. நாங்கள் மூன்று பேரும் ஒரு ரப்பர் மரத்து மூட்டில் தள்ளி உட்கார்ந்தோம். நான் கொஞ்சம் விலகி.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய கீழ்ப்பாதியை எடுத்தார். மேல்பாதியை அதன்மேல் வைத்தார். கறுப்பு நூல் நூலோடு வந்து சேர்ந்தது. ஆனால் உட்காரவில்லை. இந்தப் பக்கம் அமர்த்தினால் அந்தப் பக்கம் ஆடியது. இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. படிக்கட்டு போல இருந்த படியை ஆசிட் தின்றிருந்தது.

எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறிந்தால் எடுக்கப் போகக்கூடாது என்றும் நினைத்தேன்.

"முனை மழுங்கிப்போச்சு," என்றார். "உண்டு, ஆனா மழுங்கிப்போச்சு."

கால் பக்கத்தில் கிடந்த ஒரு காக்காப்பொன் கட்டியை எடுத்தார். நகத்தை விட்டு ஒரு இதழ் உரித்தார். கண்ணாடி போல, ஊதினால் பறக்கும். "பிள்ளே, கத்திரி உண்டா?" என்றார். மைனி இடுப்பில் எப்போதும் நூல் வெட்டுகிற கத்திரி இருக்கும். இதழைக் கல் அளவுக்கு வட்டமாக வெட்டிக் கொடுத்தார்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் மேல்பாதியை என் பக்கம் நீட்டினார்.

"பிடி. ஆட்டப்பிடாது."

பிடித்தேன். மறுகையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு இதழ் வைத்தார். ஆடியது. இன்னொன்று வைத்தார். மைனி வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு, படிபோன இடத்தில் பாதி வட்டம். ஒவ்வொன்றுக்கும் மேல்பாதியை இறக்கி, தொட்டுப் பார்த்து, திரும்பத் தூக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஜேசிபி மேட்டைத் தள்ளியது. அண்ணன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒருமுறை இறக்கினேன். விரலை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கல் நின்றது. ஒரு முனை மேலே, ஒரு முனை அவர் விரல்களுக்குக் கீழே. ஆடவில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காக்காப்பொன் வைத்த இடம் நடுவில் ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது.

"எத்தனை வச்சிய?" என்று மைனி கேட்டார்.

கண்டக்டர் அல்லவா. எண்ணாமல் வைத்திருக்கமாட்டார்.

"பத்தொம்பது."